வளைகுடா ஆவணங்களில் தமிழ்ப் பெயர்கள்: எழுத்து வேறுபாடும் குடிவழித் தேடலும்

மரைக்காயர் என்னும் குடிப்பெயர் சோழமண்டலக் கரையில் ஒன்றுதான். ஆவணங்களில் அது பலவாகிறது. இலங்கையில் மரிக்கார், மலையாளக் கரையில் மரக்கார், பினாங்கில் மெரிக்கன் என வழங்கும் அப்பெயரைக் காரைக்காலின் பிரெஞ்சு எழுத்தர்கள் ககரத்துக்குச் 'சி' என்னும் எழுத்தையிட்டு எழுதினர். தமிழிலேயே மரைக்காயர், மரக்காயர் என இரு வடிவங்கள் உள்ளன. மரக்கலத்தோடு சொல்லை இணைப்போர் பின்னதை விரும்புவர். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களிலிருந்து துபாய்க்கும் அபுதாபிக்கும் குவைத்துக்கும் சென்ற தலைமுறைகளோடு இப்பெயர் அரபு எழுத்துக்குள்ளும் புகுந்து மேலும் பிரிந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் வளைகுடாவில் உழைத்து அங்கேயே மறைந்த ஒருவரின் வழித்தோன்றல், அவர் பெயரை எந்த எழுத்தில், எந்த வடிவில் தேடுவது என்னும் கேள்வி இன்று எழுந்துள்ளது. இது குடும்பப் பற்றை மட்டும் சார்ந்த கேள்வி அன்று. பணிக்கொடையும் வங்கி இருப்பும் வாரிசுக்குச் சேருமா என்பதும் பல வேளைகளில் இதைப் பொறுத்தே அமைகிறது.

வளைகுடா ஆவணங்களில் தமிழ்ப் பெயர்கள் திரிவது எழுத்தரின் கவனக்குறைவால் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவற்றுள் பெரும்பகுதி விதிக்குட்பட்ட திரிபுகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விதி தெரிந்தால் திரிந்த வடிவத்திலிருந்து மூல வடிவத்துக்குத் திரும்பலாம். சில இடங்களில் எழுதியவர் எந்த நாட்டவர் என்றுகூட உய்த்துணரலாம்.

ஸ்காட்லாந்து காட்டும் ஒப்புமை

குடிப்பெயர்களின் எழுத்து வேறுபாட்டை முறையாக ஆராய்ந்த நாடுகளுள் ஸ்காட்லாந்து ஒன்று. 1855இல் அங்கு அரசுப் பதிவு கட்டாயமாகும்வரை திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் திருச்சபை வட்டங்களின் எழுத்தர்களே பதிந்து வந்தனர். பெயருக்குரியவர் சொன்னது ஒலி. ஏட்டில் ஏறியது எழுத்தரின் காது. ஒரே மனிதர் திருமணத்தின்போது ஒரு வடிவிலும், பிள்ளையின் திருமுழுக்கின்போது மற்றொரு வடிவிலும் காணப்படுவது இயல்பு. ஜார்ஜ் பிளாக் 1946இல் வெளியிட்ட ஸ்காட்லாந்துக் குடிப்பெயர் அகராதி இத்தகைய வடிவங்களை ஒவ்வொரு தலைச்சொல்லின்கீழும் திரட்டித் தருகிறது.

தமிழாய்வாளருக்கு நெருக்கமான செய்திகள் அங்கு இரண்டு உள்ளன. பழைய ஸ்காட் மொழியில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. அச்சு வந்தபோது அச்சகத்தாரிடம் அதற்கு வார்ப்பு இல்லை. வடிவில் ஒத்திருந்த 'இசட்' எழுத்தை இட்டனர். அதனால் மிங்கிஸ் என ஒலிக்கும் குடிப்பெயர் மென்சீஸ் என்று படிக்கத் தோன்றும் எழுத்துகளில் நிலைத்தது. தமிழின் ழகரத்தை ஆங்கிலத்தில் 'இசட்-எச்' என எழுதும் வழக்கமும், பின்னர் அதை அறியாதார் 'ஸ' என்று படிப்பதும் இதன் மறுபதிப்பு எனலாம்.

இரண்டாவது செய்தி மேலும் முக்கியமானது. 'மாக்' என்பதற்குக் கேலிக் மொழியில் மகன் என்று பொருள். தொடக்கத்தில் அது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும் தந்தைவழிப் பெயர். காலப்போக்கில் மாறாத குடிப்பெயராக உறைந்தது. ஷெட்லாந்துத் தீவுகளில் இவ்வுறைதல் 19ஆம் நூற்றாண்டுவரை முடியவில்லை. தமிழரின் தலைப்பெழுத்தும் தலைமுறைக்கொரு முறை மாறுவதே. அது இன்று வளைகுடா அலுவலகங்களின் தேவையால் உறைந்துகொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்தில் பல நூற்றாண்டுகள் நடந்தது இங்கு இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் நடைபெறுகிறது.

தந்தை பெயர் முன்னா பின்னா

தமிழ் மரபும் அரபு மரபும் தந்தை பெயரால் மனிதரை அடையாளம் காண்பதில் ஒத்தவை, வரிசையில் நேரெதிர். தமிழில் தந்தை பெயர் முன் நிற்கும். அரபியில் தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று மேல்நோக்கிச் செல்லும். 'மகன்' எனப் பொருள்படும் 'பின்' என்னும் சொல் அட்டைகளில் விடுபடுவதும் உண்டு. 2021 மே 7 அன்று தமிழக முதலமைச்சர் 'முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின்' என்று தம் பெயரைச் சொல்லிப் பதவியேற்றார். தமிழ்ச் செவிக்கு அது பாட்டன், தந்தை, மகன் என்னும் மூன்று தலைமுறை. அதே தொடரை அரபு எழுத்தர் படித்தால் ஸ்டாலின் பாட்டனாகவும் முத்துவேல் பேரனாகவும் ஆவர். எழுத்து ஒன்றும் பிழையில்லை. குடிவழி மட்டும் தலைகீழாகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு இச்சிக்கலைக் கூட்டுகிறது. அதில் தலைப்பெழுத்தை அப்படியே இட இடமில்லை, விரித்தெழுத வேண்டும். 'குடிப்பெயர்', 'இடுபெயர்' என்னும் இரு கட்டங்களுள் தந்தை பெயரை எதில் இடுவது என்பதற்குத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே நடைமுறை இல்லை. தந்தை பெயரைக் குடிப்பெயர்க் கட்டத்தில் இட்டவரும், தன் பெயரை அங்கே இட்டுத் தந்தை பெயரை இடுபெயருக்குள் சேர்த்தவரும், ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டவரும் ஒரே வீட்டில் இருப்பர். உடன்பிறந்தார் மூவர் மூன்று குடிப்பெயர்களோடு விமானம் ஏறுவது அயலவருக்கு விந்தை. தமிழருக்கு அன்றாடச் செய்தி.

கட்டத்தை வெறுமையாக விட்டவர்களை 2022 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த அமீரக விதி நேரடியாகத் தொட்டது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோர் ஏற்கப்படமாட்டார் என அறிவிக்கப்பட்டது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்னும் விளக்கம் பின்னர் வந்தது. எனினும் கடவுச்சீட்டையே திருத்திக்கொள்வோர்க்கு ஏதேனும் ஒரு சொல் குடிப்பெயர்க் கட்டத்தில் ஏறியாக வேண்டும். அச்சொல் பெரும்பாலும் தந்தை பெயர். அது பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்கும் தொடர்ந்தால் பாட்டன் பெயர் குடிப்பெயராகிவிடும். 'மாக்' உறைந்த கதை இதுவே.

மகளிர் பெயரில் குழப்பம் இன்னும் ஆழமானது. மணத்துக்குப்பின் தலைப்பெழுத்தைக் கணவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழரிடம் பரவலானது. அரபு மரபில் மணமான பெண்ணும் தன் தந்தை பெயரையே தாங்குவாள். ஆகவே ஒரு பெண்ணின் பெயருக்குப் பின் நிற்கும் ஆண்பெயரைத் தந்தை பெயராகவே அரபு எழுத்தர் கொள்வார். குடிவழி வரைவோர் வளைகுடா ஆவணத்தில் ஒரு பெண்ணின் 'தந்தை' எனக் காண்பவரை உடனே தந்தையாக ஏற்றால், மருமகளை மகளாக்கிவிடக்கூடும். பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் பெயரைப் படிக்கும்போது இவ்வெச்சரிக்கை மிகத் தேவை.

மூன்று எழுத்துகளின் இடையே

தமிழர் ஒருவரின் இந்தியக் கடவுச்சீட்டில் அவர் பெயர் தமிழில் இல்லை. உரோமன் எழுத்தில் மட்டுமே உள்ளது. அமீரக அடையாள அட்டையில் அது உரோமனிலும் அரபியிலும் உள்ளது. அரபு வடிவம் தமிழ் ஒலியைக் கேட்டு எழுதப்படுவதன்று. உரோமன் வடிவத்தைப் பார்த்து எழுதப்படுவது. விண்ணப்பங்களை அரபியில் நிரப்பித் தரும் 'டைப்பிங் சென்டர்' என்னும் கடைகள் அமீரக நகரங்களின் தெருக்களில் எங்கும் உண்டு. அங்கே விசைப்பலகை முன் அமர்ந்திருப்பவரே இக்காலத்தின் திருச்சபை எழுத்தர். அவருக்குத் தரப்பட்ட நேரமும் சில நிமிடங்களே என்பதால் அவரைக் குறைகூறுதல் பொருந்தாது.

அரபியில் வல்லெழுத்துப் பகரம் இல்லை. 'பே' என்னும் மெல்லொலியே உண்டு. டகரம், ணகரம், ளகரம், ழகரம் இல்லை. எகர ஒகரங்களுக்கு உயிர்க்குறி இல்லை. குற்றுயிர்கள் எழுத்தில் தோன்றுவதும் அரிது. வகரம் 'ஃபே' ஆகிறது. வேலு என்னும் பெயர் அட்டையில் 'ஃபீலூ' எனப் படிக்கத்தக்கதாய் நிற்கும். அரபியில் ஃபீல் என்பது யானை. முருகன் கைவேல் அண்ணனின் முகமாக மாறிவிட்டதே என்று இதைக் கண்டு நகைப்போரும் உண்டு.

முருகன் என்னும் பெயரே சிறந்த சான்று. அதன் இடைநின்ற ககரம் நெகிழ்ந்தொலிப்பது. உரோமனில் 'ஜி' என எழுதப்படும். செவ்வியல் அரபியில் அந்த ஒலிக்கு எழுத்து இல்லை. எழுதுபவர் எகிப்தியரானால் ஜீமை இடுவார். அவர் பேச்சில் ஜீம் அவ்வாறே ஒலிக்கும். பிறர் 'கைன்' அல்லது 'காஃப்' இடுவர். வளைகுடாப் பேச்சில் அடிநாவில் பிறக்கும் காஃப் இந்த ஒலியைப் பெறுவதால் அதுவும் வரலாம். ஜீம் இட்ட அட்டையை அமீரகத்தவர் படித்தால் 'முரூஜான்' என்பார். ஒரு குடும்பத்தின் பழைய அட்டைகளை வரிசையாக வைத்தால் ஜீம், கைன், காஃப் என்னும் மாற்றம் அக்குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எழுத்தர்களைப் பற்றிச் சொல்கிறது. வேறுபாட்டைக் கண்டவுடன் வேறு மனிதர் என்று முடிவு செய்யாதிருக்க இவ்வறிவு போதும்.

ஈண்டுக் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. தமிழ் எழுத்தும் பகரத்தில் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அரபு எழுத்திலும் அவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. பாலன் என்னும் பெயர் 'பி' என்னும் எழுத்தால் தொடங்கினும் 'பீ' என்னும் எழுத்தால் தொடங்கினும் தமிழில் ஒன்றே, அரபியிலும் ஒன்றே. இடையில் நிற்கும் உரோமன் மட்டுமே இரண்டாக்குகிறது. எனவே உரோமன் வடிவ வேறுபாடுகளுள் ஒரு பகுதி இரு கரைகளிலும் இல்லாத, ஆற்றின் நடுவில் மட்டும் தோன்றும் சுழல். தேடுவோர் அதை அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டியது ழகரம், வகரம், மொழிமுதற் சகரம் ஆகியவற்றையே.

ஊர் வழக்குகளும் சேர்கின்றன. இலங்கைத் தமிழர் கந்தையா, நடராஜா முதலிய பெயர்களின் ஈற்றில் 'எச்' சேர்ப்பர். தமிழகத்தில் 'சி-எச்' இட்டு எழுதும் செல்லத்துரையை யாழ்ப்பாணத்தவர் 'எஸ்' இட்டு எழுதுவர். தனிநாயகம் அடிகளின் பெயர் நூலகப் பட்டியல்களில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் நிற்பதை இவ்வவையினர் அறிவர். தமிழ்ப் பேரகராதி 1924 முதல் கையாண்ட ஒலிபெயர்ப்பு முறையும், 2001இன் ஐ.எஸ்.ஓ. 15919 தரமும் ஆய்வுநூல்களில் நிலைபெற்றன. கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு அவை சென்று சேரவில்லை.

திரும்பி வந்த பெயர்கள்

வளைகுடாவில் மிகுதியாகச் சிதைவது வடமொழிப் பெயரோ தமிழ்ப் பெயரோ என எண்ணத் தோன்றும். உண்மையில் தமிழ் முஸ்லிம்களின் அரபுப் பெயர்களே தனிக் கவனத்துக்குரியவை. அரபியிலிருந்து வந்த ரஹ்மான், தமிழ்ச் செவிக்கேற்ப ரகுமான் ஆனது. ஆங்கிலத்தில் அது 'ஜி' இட்டும் 'எச்-யு' இட்டும் எழுதப்பட்டது. அதே உரோமன் வடிவம் துபாயில் மீண்டும் அரபியாகும்போது எழுத்தர் ரஹ்மானை அதில் அடையாளம் காணலாம், காணாமலும் போகலாம். காணாதபோது ராஹூமான் என்றோர் அயற்பெயர் பிறக்கிறது. தாய்வீடு திரும்பிய பெயரை வாயிற்காவலர் அறியாத நிலை அது.

காதிர் என்னும் பெயர் மேலும் நுட்பமானது. அரபியில் அது அடிநாக் காஃபால் தொடங்கித் 'தால்' எழுத்தைப் பெறும். தமிழில் காதர். தமிழர் தகரத்தை உரோமனில் 'டி-எச்' என எழுதுவர். அரபு வல்லார்க்கு 'டி-எச்' என்பது 'ஸே' என்னும் வேறோர் எழுத்தின் அடையாளம். எனவே தந்தையின் அட்டையில் காதிர் எனச் சீராகவும், மகனின் அட்டையில் 'ஸே' இட்டு அயலாகவும் நிற்க வாய்ப்புண்டு. முஹ்யித்தீன் என்பது முகைதீன், மொய்தீன், மைதீன் எனத் தமிழில் நெகிழ்ந்து பின் உரோமன் வழியே அரபிக்குள் நுழையும்போது மூல வேர் மறைந்தே விடுகிறது.

இதில் வருந்தத்தக்க முரண் ஒன்று உள்ளது. தமிழை அரபு எழுத்தில் பிழையின்றி எழுதும் முறையைத் தமிழ் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். அரபுத்தமிழ் அல்லது அர்வி எனப்படும் அம்முறையில் அரபியில் இல்லாத பகரம், டகரம், ழகரம் முதலியவற்றுக்கு அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டித் தனி வடிவங்கள் அமைத்தனர். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் 19ஆம் நூற்றாண்டில் அதில் நூல்கள் இயற்றினர். தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெருநூல் இம்மரபைத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் சேர்த்து விவரிக்கிறது. கீழக்கரைக்காரர் ஒருவரின் பாட்டன் பெயர் வீட்டுக் கடிதத்தில் அர்வியிலும், அவருடைய பெயர் அமீரக அட்டையில் அரபியிலும் இருக்குமாயின், இரண்டும் ஒரே எழுத்துக் குடும்பம். முன்னது ஒலியைக் காத்தது, பின்னது காக்கவில்லை. குடிவழித் தேடலில் அர்விக் கடிதங்களும் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடுகளும் முதல்தரச் சான்றுகள். அர்வி படிக்கத் தெரிந்தோர் குறைந்துவருவதால் இவ்வேலை காத்திருக்கக் கூடியதன்று.

தேடும் முறை

அமெரிக்காவில் 1918இல் இராபர்ட் ரசல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு எஞ்சிய மெய்களை எண்களாக்குகிறது. ஒலியில் நெருங்கியவை ஒரே எண் பெறும். தமிழ்ப் பெயர்களில் இது பாதி பயன் தருகிறது. முருகன் என்பதை 'ஜி' இட்டு எழுதினும் 'கே' இட்டு எழுதினும், அரபு ஜீமிலிருந்து 'ஜே' என மீட்டெழுதினும் எம்625 என்றே வரும். செல்லத்துரை யாழ்ப்பாண வடிவில் எஸ்436, தமிழக வடிவில் சி436. எண் ஒன்று, முதலெழுத்து வேறு, ஆதலால் தேடல் தவறுகிறது. பழனி 'இசட்-எச்' வடிவில் பி250, 'எல்' வடிவில் பி450. முதலெழுத்தும் ழகரமும் இம்முறையின் இரு ஓட்டைகள். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கென டெய்ச்சும் மொகோடாப்பும் 1985இல் முதலெழுத்தையும் எண்ணாக்கும் மாற்றுமுறையை அமைத்தனர். தமிழுக்கு அமையும் முறை இவ்விரண்டையும் கடந்து, தமிழ் எழுத்து வடிவத்தையே தலைச்சொல்லாகக் கொண்டு உரோமன், அரபு வடிவங்களை அதன்கீழ்த் திரட்டுவதே பொருத்தம்.

தமிழ் வடிவம் கிடைக்கும் இடங்கள் ஊரில் உள்ளன: குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பட்டா, திருமண அழைப்பிதழ். வளைகுடாக் கரையில் கல்வெட்டுத் துணை மிகக் குறைவு. ஸ்காட்லாந்தில் கல்லறைக் கற்களே பாதிக் குடிவழியைச் சொல்லும். வளைகுடாவின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கும் வழக்கமில்லை. தகனம் செய்யப்பட்டோர்க்குக் கல்லே இல்லை.

1947க்கு முற்பட்ட காலத்துக்கு, பாரசீக வளைகுடாவில் இருந்த பிரித்தானிய அரசியல் முகவர்களின் ஏடுகள் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் 'ஆர்/15' என்னும் பிரிவில் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதியை 2014இல் தொடங்கிய கத்தார் மின்னூலகம் இணையத்தில் தருகிறது. பஹ்ரைனில் 1932இலும் குவைத்தில் 1938இலும் எண்ணெய் கண்ட பின் இந்தியரை வேலைக்கு எடுத்தல் பற்றிய கடிதங்கள் இக்காலத்தவை. இங்கே தேடுபொறி அச்செழுத்தைத் தானே படிப்பதால், பெயரின் எல்லா உரோமன் வடிவங்களையும் தனித்தனியே இட்டுத் தேடவேண்டும். சில வேளை 'மதராஸி' என்னும் சொல் மட்டுமே கிடைக்கும்.

அண்மைக் காலத்துக்கு இந்தியத் தூதரகப் பிறப்புப் பதிவுகள் துணைநிற்கும். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் அயல்நாட்டில் பிறக்கும் இந்தியக் குழந்தைகள் அங்குப் பதியப்படுகின்றனர். வாரிசுரிமைக் கோரிக்கைகளில் மற்றொரு கண்ணி உண்டு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் அமீரகத்தில் சட்ட மொழிபெயர்ப்பாளரால் அரபியாக்கப்படுகிறது. அவர் இறந்தவரின் பெயரைப் புதிதாக ஒலிபெயர்க்கிறார். உரோமனில் ஓரெழுத்தும் மாறாதிருந்தும், அட்டையில் கைன், சான்றிதழில் ஜீம் என இரண்டு முருகர்கள் தோன்றிவிடுவர். அடையாள அட்டையின் அரபு வடிவத்தை மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே காட்டி, அதையே எழுதச் செய்தல் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

குடும்பங்கள் பெரும்பாலும் எறிந்துவிடும் ஒன்றே இத்தேடலில் மிகுந்த மதிப்புடையது: காலாவதியான கடவுச்சீட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், துணைவர் பெயர்களும், ஊர் முகவரியும், முந்தைய கடவுச்சீட்டின் எண்ணும், அது வழங்கப்பட்ட நாளும் இடமும் உள்ளன. உள்பக்கங்களில் ஒட்டப்பட்ட விசாக்களில் பெயரின் அரபு வடிவமும் கஃபீலின் பெயரும் காணப்படலாம். முந்தைய எண்ணைப் பற்றிப் பின்னோக்கிச் சென்றால் கையால் எழுதப்பட்ட பழைய கடவுச்சீட்டை எட்டலாம். அதில் தந்தை பெயர் எக்கட்டத்திலிருந்து எக்கட்டத்துக்கு எந்த ஆண்டில் நகர்ந்தது என்பது தெரியவரும்.